பென்குவினுக்கு வடக்கு வாசல்

"உன் கூடு கூடா இல்லடி, அடுப்பா இருக்குது" என்று ஸ்டெல்லா போனில் சொன்னபோது ஆதிலட்சுமிக்கு முதலில் வந்தது கோபம். அவளுக்கு எதற்குமே முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் பின்னால் வரிசை கட்டி மெதுவாக வந்து சேரும். மூலக்குளம் தாண்டி வில்லியனூர் ரோட்டில், டைல்ஸ் கடைக்குப் பக்கத்தில் அவளுடைய சிமென்ட் பட்டறை. கிணற்று உறை, செப்டிக் டேங்க் உறை, காம்பவுண்டுப் பலகை எல்லாம் அங்கே வார்க்கிறார்கள். அவள் வார்த்த உறை விரிசல் விட்டது என்று இதுவரை ஒரு ஆள் வந்து வாசலில் நின்றதில்லை. அப்படிப்பட்டவளிடம் போய், நீ செய்தது அடுப்பு என்றால்?

"அடுப்புன்னா இன்னா அர்த்தம்? ஒழுங்கா சொல்லு."

"வெளிய அடிக்கிற வெய்யிலவிட உள்ள ஜாஸ்தியா இருக்குதாம். வெறுந்தரையே தேவலாம்னு ஆயிடுச்சு."

"தெர்மாமீட்டர் கெட்டுப் போயிருக்கும்."

"மூணு வச்சிருக்காங்க. மூணும் பேசி வச்சிக்கினா கெட்டுப் போச்சு?"

"நீ கெளம்பி பட்டறைக்கு வா. போன்ல பேசினா நான் கத்துவேன்."

"இப்ப மட்டும் தாலாட்டா பாடுற?" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா குருவிநத்தத்திலிருந்து வண்டியை எடுத்தாள்.

அவள் வந்து சேர்வதற்குள் இந்தக் கூடு விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், செப்டிக் டேங்க் உறை போடுகிறவளுக்கும் பென்குவினுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் முழித்துக்கொண்டு இருப்பீர்கள்.

ரெண்டு பேரும் பாகூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஆதிலட்சுமி அபிஷேகப்பாக்கத்தில் நெல் விளைகிற வீட்டுப் பெண். சிவில் படித்தாள், கல்யாணத்துக்கு முன்னாலேயே பட்டறை போட்டாள், கல்யாணத்துக்குப் பின்னாலும் விடவில்லை. ஸ்டெல்லாவின் அப்பா அம்மா கூலிக்கு நடவு நட்டவர்கள். மகள் விலங்கியல் படித்து, உதவித்தொகை வாங்கி, தென்னாப்பிரிக்கா போய், அந்த ஊர்க் கரைக்கு எதிரே ஒரு சின்னத் தீவில் பென்குவின்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது விசா புதுப்பிக்க ஊருக்கு வந்தவள், காகிதம் வரத் தாமதமாகி இங்கேயே மாட்டிக்கொண்டிருந்தாள்.

பென்குவின் என்றதும் எல்லோருக்கும் ஐஸ்தான் ஞாபகம் வருகிறது. பட்டறை மேஸ்திரி சூசைநாதனுக்கும் அதேதான். "ஐஸ் பொட்டின்னா தெர்மாகோல்ல செஞ்சிடலாமேம்மா, எதுக்கு சிமென்ட்ட வீணாக்கறது?" என்று கேட்டார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கேள்விதான் என்றாலும் ஸ்டெல்லா உட்கார்ந்து பதில் சொன்னாள். இது வெயில் தேசத்துப் பென்குவின். மணலும் பாறையும் புதரும் உள்ள கரையில் வாழ்கிற ஜாதி. ஐஸை அது கண்ணால் பார்த்ததே கிடையாது. ஆனால் கடல் மட்டும் அங்கே ஜில்லென்று இருக்கும். அந்தத் தண்ணீரில் முங்கி மத்தியும் நெத்திலியும் பிடிக்க வேண்டும் என்பதால் மேலெல்லாம் நெருக்கமான இறகு, கம்பளிக் கோட்டு மாதிரி. கரைக்கு வந்ததும் கோட்டைக் கழற்றி மாட்டிவிட முடியுமா? கண்ணுக்கு மேலே ரோஸ் நிறத்தில் கொஞ்சம் வெறுந்தோல் இருக்கிறது. உடம்பு சூடு ஏற ஏற ரத்தம் அங்கே ஓடிவந்து ஆறிக்கொள்ளும், தோல் சிவந்துகொண்டே போகும். அதுவும் போதாவிட்டால் வாயைப் பிளந்து நாய் மாதிரி மூச்சு வாங்கும்.

ஒரு காலத்தில் அதற்கு நல்ல வீடு இருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் பறவை எச்சம் தீவின்மேல் படிந்து படிந்து மெத்தையாகக் கிடந்தது. அதில் வளை தோண்டி, வெயில் படாமல் உள்ளே முட்டை வைத்தன. எச்சம் வயலுக்கு நல்ல உரமாயிற்றே, வெள்ளைக்காரன் விடுவானா? கப்பல் கப்பலாகச் சுரண்டி ஏற்றி, பாறை தெரிகிற வரை வழித்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து வெட்டவெளியில்தான் முட்டை. புருஷனும் பெண்டாட்டியும் முறை வைத்து அடைகாக்கும். ஒன்று உட்கார்ந்தால் மற்றது கடலுக்குப் போகும். உச்சி வெயிலில் உட்கார்ந்திருப்பது தாங்க முடியாமல் எழுந்து தண்ணீரைப் பார்க்க ஓடினால் அவ்வளவுதான். மீனும் குறைந்துபோய், வீடும் இல்லாமல், அந்த இனமே இப்போது அற்றுப்போகிற இடத்துக்கு வந்துவிட்டது.

"கடற்காகம் பக்கத்துலயே காத்துக்கினு நிக்கும் மேஸ்திரி," என்றாள் ஸ்டெல்லா. "இது எழுந்த உடனே முட்டையத் தூக்கிடும். நான் கண்ணால பாத்திருக்கேன். இது கடல்ல ஒரு முழுக்குப் போட்டுட்டு தத்தித் தத்தி ஓடி வரும். வந்து, இல்லாத முட்டைமேல அப்படியே படுத்துக்கும்."

சூசைநாதன் அதற்கப்புறம் ஐஸ் பெட்டி என்று வாயைத் திறக்கவில்லை.

ஆதிலட்சுமி ஒரு வாரம் வரைந்து வரைந்து கிழித்து, கடைசியில் கூட்டை வார்த்தாள். கவிழ்த்த பானை மாதிரி இருக்கும், அடிப்பாகம் கிடையாது, மணலில் விளிம்பைப் புதைத்து வைக்க வேண்டியதுதான். கம்பி வலையில் மெல்லிசாகச் சிமென்ட் பூசி ரெண்டு சுவர், நடுவே நெல் உமி. ஒரு பக்கம் பறவை நுழைய வாசல், அந்தப் பக்கத்துச் சுவர் மெல்லிசு, காற்றுக்கு வாசலுக்கு மேல் துளைகள். எதிர்ப்பக்கம் சுவர் தடிமன். வாசல் வடக்கே, தடித்த சுவர் தெற்கே. வெயிலை வாங்குவது தெற்குச் சுவர்தான் என்று இந்தப் பக்கத்தில் எந்தக் கொத்தனாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அங்கே வைக்கிறவர்கள் மாற்றி வைத்துவிடக் கூடாது என்று கூட்டின் தலைமேல் வாசல் பக்கமாக ஒரு அம்புக்குறியையும், வடக்கு என்று இங்கிலீஷில் ஒரு எழுத்தையும் சிமென்ட்டிலேயே வார்த்தாள்.

"கிறிஸ்தவன் நானே வாஸ்து பாத்துதான் வூடு கட்னேன்," என்றார் சூசைநாதன். "பென்குவினுக்கும் வடக்கு வாசல். யோகந்தான்."

"வாஸ்துவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இது சயின்ஸு மேஸ்திரி," என்றாள் ஆதிலட்சுமி. வாஸ்து என்றாலே அவளுக்கு ஆகாது. வாஸ்துப்படி உறை வேண்டும் என்று கேட்டு வந்தவரையே திருப்பி அனுப்பியவள்.

மாசியில் அறுப்பு முடிந்த வயலில், அவளுடைய அண்ணன் குமரவேலின் நிலத்தில் கொண்டுபோய் வைத்துச் சோதித்தார்கள். உள்ளே ஒரு அடைக்கோழியைக் குமரவேல் தன் இஷ்டத்துக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தான். கோழி பகல் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்து, கடைசியில் ஒரு முட்டைகூட வீணாகாமல் குஞ்சு பொரித்துக் கொடுத்தது. தெர்மாமீட்டரைவிட அந்தக் கோழிதான் ஆதிலட்சுமிக்குப் பெரிய சர்டிபிகேட். கூட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, விமானச் சரக்கில் ஏற்றினார்கள்.

இது ஒன்றோடு முடிகிற காரியம் இல்லை. கூட்டின் அச்சு பட்டறையில் தயாராக இருந்தது. ஸ்டெல்லா திரும்பிப் போகும்போது அதை எடுத்துப் போனால், அந்த ஊர் ஆட்களே தீவுக்கு வேண்டிய கூடுகளை வார்த்துக்கொள்ளலாம். ஆனால் தீவின் மேலாளர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். இந்தப் பருவத்துக்கு ஒரே ஒரு கூடு. அதற்குள் முட்டை கெட்டால், சிமென்ட் கூடு என்ற பேச்சை அந்தத் தீவில் இனி யாரும் எடுக்கக் கூடாது. கூட்டை வைத்த வாரமே ஒரு ஜோடி உள்ளே புகுந்து ரெண்டு முட்டை போட்டுவிட்டது. அப்போது மேகமூட்டம். மேகம் விலகி வெயில் வந்ததும்தான் கூடு அடுப்பாயிற்று.

ஸ்டெல்லா பட்டறைக்கு வந்தபோது முகம் வாடிக் கிடந்தது. சித்திரை வெயிலில் வண்டி ஓட்டி வந்ததில் மட்டும் வந்த வாட்டம் இல்லை அது.

"சிமென்ட்டுனாலதான்னு சொல்றாங்க," என்றாள். "சூட்டப் பிடிச்சி வச்சிக்குதாம்."

"எவன் சொன்னான்? நடுவுல உமி எதுக்குப் போட்டேன், வேண்டுதலா? கோழி குஞ்சு பொரிச்சது இதே கூட்டுலதானே?"

"கோழி வேற, இது வேறடி."

"வெய்யில் ஒண்ணுதானே?" என்று கேட்டுவிட்டு ஆதிலட்சுமி கையை நீட்டினாள். "நடுப்பகல்ல எடுத்த போட்டோ ஏதாவது இருந்தா காட்டு. என் கூட்டுல தப்பு இருக்காது. வச்ச விதத்துலதான் ஏதோ இருக்குது."

ஸ்டெல்லா போனைக் கொடுத்தாள். தீவில் அவளுக்குப் பதிலாக நோம்சா என்ற பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள், தினமும் படம் எடுத்து அனுப்பிவிடுவாள். ஆதிலட்சுமி படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தாள். கூட்டின் வாசல் பளீரென்று வெளிச்சத்தில் இருந்தது. உள்ளே பறவையின் மார்புவரை வெயில். கூட்டின் நிழல் பின்பக்கம், தடித்த சுவர் இருக்கிற பக்கமாக விழுந்து கிடந்தது.

"இது எத்தினி மணிக்கு எடுத்தது?"

"பன்னெண்டரை."

"வாசல் எந்தப் பக்கம் வச்சாங்க?"

"நீ போட்ட அம்புக்குறி பக்கந்தான். வடக்கே. நோம்சா காம்பஸ் வச்சிப் பாத்து வச்சா."

"அப்ப வெய்யில் ஏண்டி வடக்கால இருந்து வருது?"

ஸ்டெல்லா போனைப் பிடுங்கிப் படத்தைத் திரும்பப் பார்த்தாள்.

"அங்க... அங்க அப்படித்தாண்டி வரும்," என்றாள்.

பட்டறையில் கலவை மெஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆதிலட்சுமி எட்டிப்போய் அதை நிறுத்தினாள். பூமியின் நடுக்கோட்டுக்கு நாம் இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம். நமக்குத் தெற்கே சாய்கிற சூரியன் அவர்களுக்கு வடக்கேதான் நிற்கும். பள்ளிக்கூடத்தில் ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பாடம்தான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினார்கள். வடக்கு வாசல் குளிர்ச்சி என்பது எலும்புக்குள் ஏறிப்போனதில், படித்தது எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

"வடக்கு ஜன்னல்லதாண்டி நான் அங்க துணி காயப் போடுவேன்," என்றாள் ஸ்டெல்லா தலையில் கை வைத்து. "அங்கதான் வெய்யில் வரும்னு தெரிஞ்சி போடுவேன். இங்க வந்து உன் அண்ணன் வயல்ல நின்னதும் எல்லாம் மறந்துபோச்சு. நான் எதுக்கு பயாலஜிஸ்ட்டுன்னு சொல்லிக்கினு திரியறேன்?"

"நீ ஏன் அழுவுற? வரைஞ்சது நானு. அம்பு போட்டது நானு. சயின்ஸுன்னு பீத்திக்கினதும் நானு. தப்பு என்னோடது," என்றாள் ஆதிலட்சுமி. செய்த தப்பை ஒளிக்கிற பழக்கம் அவளிடம் இல்லை. சுத்தியலும் உளியும் எடுத்துப் போய் அச்சிலிருந்த அம்புக்குறியைக் கொத்தி எடுத்தாள். ஒவ்வொரு அடிக்கும் தன்னையே ஒரு திட்டு திட்டிக்கொண்டாள். அதில் சிலதை இங்கே எழுத முடியாது. சூசைநாதன் தள்ளி நின்று பார்த்தார். இந்த நேரத்தில் வாஸ்துவைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு நோம்சாவுக்கு வீடியோ கால் போட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மனசு.

"எங்கள் ஊரில் குளிர்காலத்தில் வெயில் வேண்டும் என்றால்தான் வடக்குப் பார்த்த வீடு தேடுவோம்," என்றாள்.

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?" என்று ஆதிலட்சுமி தன் இங்கிலீஷில் கேட்டாள்.

"அம்பைச் சிமென்ட்டிலேயே வார்த்து அனுப்பியிருந்தீர்கள். தலையில் சிவப்புப் பொட்டு வேறு இருந்தது. ஏதோ பெரிய காரணம் இருக்கும் என்று நினைத்தேன்."

ஆதிலட்சுமிக்கு அசடு வழிந்தது. ஆனால் அசடு வழிவதற்கும் நேரம் இல்லை. நோம்சா இன்னொரு செய்தி வைத்திருந்தாள். சனிக்கிழமை நிலப்பக்கமிருந்து அனல் காற்று வரும் என்று வானிலை அறிக்கை. மேலாளர் முடிவு செய்துவிட்டார்: வெள்ளிக்கிழமை கூட்டைத் தூக்கிவிட்டு, முட்டைகளை எடுத்துப் போய்க் குஞ்சு பொரிக்கிற இயந்திரத்தில் வைத்துவிடுவார்கள்.

"முட்டை பொழைச்சிக்கும்," என்றாள் ஸ்டெல்லா மெதுவாக. "ஆனா கூடு போச்சு. மத்ததுங்க எல்லாம் இனிமேலும் வெட்டவெளியிலதான்."

"கூட்ட இப்பவே அப்படியே திருப்பி வச்சா? தடிச்ச செவுரு வெய்யிலுக்கு முதுகு குடுக்கும். வாசல் நெழலுக்கு வந்துடும்."

"உள்ள ஒண்ணு உக்காந்திருக்குது. வெளிய போனது சாயங்காலம் வந்து பாத்தா வாசல் இருந்த எடத்துல செவுரு இருக்கும். இது நம்ம கூடு இல்லன்னு போயிடலாம். உள்ள இருக்கறதும் மெரண்டு எழுந்துடலாம். அப்பறம் முட்டையும் இல்ல, கூடும் இல்ல. மேலாளர் சொல்ற மாதிரி எடுத்துட்டா முட்டையாவது மிஞ்சும்."

ஆதிலட்சுமி பட்டறைக்குள் ரெண்டு நடை நடந்தாள். காய வைத்திருந்த கிணற்று உறைகளின் பக்கத்தில் போய் நின்றாள்.

"கெணத்துல உறை எறக்கறப்ப ஒரே தள்ளா தள்ளினா வெரிஞ்சிடும். நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா அசைச்சி அசைச்சித்தான் எறக்கணும். உறைக்கே தெரியாது, அது எறங்கறது. அப்படிப் பண்ணா? தெனம் சாயங்காலம் ஒரு சாண் மட்டும் திருப்பறது. பறவை உக்காந்த எடத்துலயே இருக்கட்டும், கூடு மட்டும் அத சுத்தி நவுரட்டும். நடுப்பகல்ல வாசலுக்கு முன்னாடி ஒரு சாக்க நெழலுக்குக் கட்டச் சொல்லு. அது ஜோடிய எத வச்சி அடையாளம் கண்டுபுடிக்குது? வாசல வச்சா?"

"இல்ல," என்றாள் ஸ்டெல்லா. முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "எடம் தெரியும். ஆனா கொரலுதான் முக்கியம். கழுதை மாதிரி கத்தும். நமக்கு எல்லாம் ஒரே கழுதைதான், அதுக்குத் தன் ஜோடி கொரல் தனியாத் தெரியும்."

"அப்ப இன்னா? திருப்புவோம்."

மேலாளர் தயங்கினார். ஸ்டெல்லா அரைமணி நேரம் போனில் மன்றாடினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை பாருங்கள், ஜோடியில் ஒன்று முரண்டு பிடித்தாலும் முட்டையை எடுத்துவிடுவேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆதிலட்சுமி சூசைநாதனிடம், "பாத்துக்கினே இருங்க, மசியாத கூடு எதுவும் இல்ல," என்று அடித்துச் சொன்னாள்.

முதல் சாயங்காலம் நோம்சாவும் இன்னொரு ஆளும் முட்டி போட்டு, கூட்டை ஒரு சாண் திருப்பினார்கள். உள்ளே இருந்தது நோம்சாவின் கையுறையைப் பிடித்து ஒரு கொத்துக் கொத்திவிட்டு, திரும்ப முட்டைமேல் சரிந்து உட்கார்ந்துகொண்டது. ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும் என்று ஸ்டெல்லா எவ்வளவோ சொன்னாள். ஆதிலட்சுமி கேட்கவில்லை, கொத்தியது பெண்டாட்டிதான் என்று முடிவு கட்டிவிட்டாள். இருட்டுகிற நேரத்தில் மற்றது கடலிலிருந்து வந்தது. வாசல் இடம் மாறியிருந்ததைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு நுழைந்துவிட்டது. மறுநாள் இன்னொரு சாண். அதற்கடுத்த நாளும் அப்படியே. வியாழக்கிழமை வாசல் மேற்கு பார்த்து நின்றது, பாதி வேலை முடிந்தது.

அன்று மதியம் நோம்சாவிடமிருந்து செய்தி வந்தது. அனல் காற்று சனிக்கிழமைவரை காத்திருக்கப் போவதில்லை, நாளைக்கே வந்துவிடும். மேற்கு வாசலில் நாளைப் பகல் வெயில் உள்ளே புகுந்தால் சாக்கு தாங்காது. மிச்சம் இருக்கிற பாதியையும் இன்றைக்கு ஒரே மூச்சில் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் முட்டையை இன்றைக்கே எடுத்துவிட வேண்டும். இரண்டில் எது என்று கேட்டிருந்தாள்.

ஸ்டெல்லா போனை வைத்துக்கொண்டு ஆதிலட்சுமியைப் பார்த்தாள். "முட்டைய எடுத்துடலாம்டி. ரிஸ்க் எடுக்க எனக்குத் தெம்பு இல்ல."

"மூணு நாளா அது வாசலத் தேடிப் புடிச்சி வருது இல்ல? இன்னைக்கும் வரும். கூட்டத் திருப்பச் சொல்லு," என்றாள் ஆதிலட்சுமி. உறைக்கு ஆர்டர் எடுக்கிற அதே குரல், அதே தோரணை. அந்தக் குரலைக் கேட்டால் கடைத்தெருவில் போகிறவன்கூட அவளை நம்பித் தலையாட்டிவிடுவான். ஸ்டெல்லாவும் தலையாட்டினாள். சரி, திருப்பு என்று செய்தி போயிற்று.

விளக்குப் போடுகிற நேரத்தில் பட்டறை ஆட்கள் எல்லோரும் கிளம்பிப் போய்விட்டார்கள். சூசைநாதன் மட்டும் போகவில்லை. கேட்டால் உறைக்குத் தண்ணி விட வேண்டும் என்றார். உறைக்குத் தண்ணி மதியமே விட்டாயிற்று. மூன்று பேரும் ஒரு சிமென்ட் பலகையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இங்கே ராத்திரி ஒன்பது மணி ஆகியும் அங்கே இன்னும் சாயங்கால வெளிச்சம் இருந்தது. நோம்சா ஒரு பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போனை நீட்டிப் பிடித்திருந்தாள், அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கூட்டின் வாசல் இப்போது தெற்கு பார்த்து இருந்தது. உள்ளே ஒன்று முட்டைமேல் இருந்தது. கூட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு கடற்காகம் வந்து உட்கார்ந்து, தன் பாட்டுக்கு இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

கடலுக்குப் போயிருந்த பென்குவின் வந்தது. ஈரம் சொட்டச் சொட்ட, வயிறு நிறையச் சாப்பிட்டவன் வீடு திரும்புகிற நடை. நேற்று வாசல் இருந்த இடத்துக்கு நேராக வந்து நின்றது. எதிரே சிமென்ட் சுவர். கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது, மறுபக்கம் சாய்த்து இன்னொரு கண்ணால் பார்த்தது. அலகால் சுவரைத் தட்டியது. பிறகு திரும்பி, வந்த வழியே நாலு அடி நடந்தது.

"போவுதுடி," என்றாள் ஸ்டெல்லா.

"போவாது," என்றாள் ஆதிலட்சுமி.

அது நின்றது. தலையை வானத்துக்குத் தூக்கி, சிறகை விரித்து, உடம்பே குலுங்கக் கத்தியது. பட்டறைக்குள் கழுதை வந்து கத்துகிற மாதிரி இருந்தது. கத்தி முடித்துக் காத்திருந்தது. உள்ளிருந்து சத்தமே இல்லை. காற்று மட்டும் போனில் உரசியது.

கடற்காகம் இறகைக் கோதுவதை நிறுத்திவிட்டு ஒரு எட்டு முன்னால் வைத்தது.

பென்குவின் ரெண்டாவது தடவை கத்தியது. இந்தத் தடவை உள்ளே இருந்து பதில் வந்தது. அமுங்கிய குரல், பானைக்குள் வாயை வைத்துக் கத்துகிற மாதிரி. வெளியே நின்றது விறைத்துப்போய்ச் சுவரை முறைத்தது. சுவருக்குள்ளிருந்து பெண்டாட்டி பேசினால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? உள்ளிருந்தது விடாமல் கத்தியது. கத்திக்கொண்டே முட்டையைவிட்டு எழுந்து, தெற்கு வாசல் வழியாகக் கழுத்தை நீட்டியது. முட்டை ரெண்டும் திறந்து கிடந்தன. கடற்காகம் இன்னொரு எட்டு வைத்தது. நோம்சா மூச்சு விடுகிற சத்தமும் நின்றுபோயிற்று.

குரல் வந்த பக்கமாக வெளியே நின்றது தத்தித் தத்திச் சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடியது. வாசலைப் பார்த்தது, வாசலில் நீட்டியிருந்த தலையைப் பார்த்தது, பார்த்த வேகத்தில் உள்ளே முட்டி மோதிப் புகுந்தது. உள்ளே இருந்தது நகர்ந்து இடம் விடவில்லை. அலகால் ரெண்டு போட்டுவிட்டுத்தான் விட்டது. அதற்கப்புறம் ரெண்டும் சேர்ந்து ஒரு கத்துக் கத்தின. கடற்காகம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் பறந்துபோனது.

"லேட்டா வந்தான்னு வாங்கிக் கட்டிக்கினான்," என்றார் சூசைநாதன். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நிஜமாகவே உறைக்குத் தண்ணி விடப் போனார்.

மறுநாள் அனல் காற்று வந்தது. நோம்சா மதியம் அனுப்பிய படத்தில், தூரத்தில் புதரடியில் இருந்த பென்குவின்கள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன, சில கூடுகளில் பறவையே இல்லை. சிமென்ட் கூட்டுக்குள் அது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண்ணுக்கு மேலே இருந்த தோல் வெளிறிய ரோஸாகவே இருந்தது. மேலாளர் படத்துக்குக் கீழே ஒரே வரி எழுதியிருந்தார்: அச்சை எப்போது கொண்டு வருகிறீர்கள்?

ஸ்டெல்லா அந்த வரியை ரெண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், மறைக்கவும் இல்லை. ஆதிலட்சுமி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நேத்து எனக்கு பயமா இருந்துச்சுடி," என்றாள். "போவாது, போவாதுன்னு சொன்னேன் பாரு. எனக்கு ஒண்ணுமே தெரியாது. சும்மா சொன்னேன்."

"தெரியும்," என்றாள் ஸ்டெல்லா.

"எப்படித் தெரியும்? குரல் நடுங்குச்சா?"

"குரல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு," என்று ஸ்டெல்லா இடது கையைத் திருப்பிக் காட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே ஆதிலட்சுமியின் நகங்கள் வரிசையாகப் பதிந்து, ரத்தம் கட்டிக் கன்றிப்போய் இருந்தது.